தண்ணீர் எங்கே போகும்? அமெரிக்காவின் பெருவெள்ளங்களைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

1948 மே 30, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வான்போர்ட் என்ற ஊரில் காலையில் எழுந்தவர்களுக்கு வாசலில் ஒரு துண்டுச்சீட்டு கிடந்தது. ஊரை நிர்வகித்த வீட்டுவசதி அலுவலகம் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன அறிவிப்பு அது. கரைகள் இப்போதைக்குப் பத்திரமாக இருக்கின்றன, தேவைப்பட்டால் எச்சரிப்போம், வெளியேற நேரம் இருக்கும், பதற்றப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் கொலம்பியா ஆறு ஊரின் தரைமட்டத்துக்கு 15 அடி மேலே ஓடிக்கொண்டிருந்தது. மாலை நாலு மணிக்குச் சற்றுப் பிறகு, கரையாகவும் நின்ற ரயில்பாதை மேடு ஒன்று உடைப்பெடுத்தது. போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்காக அவசரமாகக் கட்டிய மர வீடுகள் பெயர்ந்து மிதந்து ஒன்றோடொன்று மோதின. 18,500 பேருக்கு வீடில்லாமல் போயிற்று. விடுமுறை நாளானதால் பலர் வெளியே போயிருந்தார்கள், இறந்தவர்கள் 15 பேரோடு நின்றது. அந்த ஊரைத் திரும்பக் கட்டவே இல்லை.

அமெரிக்க வெள்ளங்களைப் பற்றி முதன்முதலாகப் படிப்பவர்களுக்கு நான் இந்தச் சீட்டிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். மழையளவுப் புள்ளிவிவரம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த நாட்டின் பெரிய வெள்ளச் சாவுகளில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு கரை, அல்லது ஓர் அணை, அல்லது ஒரு சுவர் இருக்கிறது. அதை நம்பி ஒரு கூட்டம் குடியிருந்திருக்கிறது.

அடிப்படையைப் பார்த்துவிடலாம். ஆறு பெருகுவது அதன் சுபாவம். அதன் இருபுறமும் தாழ்வாகப் பரந்திருக்கும் நிலத்தை வெள்ளச் சமவெளி என்கிறார்கள். வீட்டில் விருந்தாளிக்கென்று ஓர் அறை சும்மா கிடக்குமே, அது மாதிரி ஆறு வருஷத்தில் சில நாள் மட்டும் வந்து தங்கும் இடம் அது. வண்டல் படிந்து மண் நன்றாக இருப்பதால் மனிதர்கள் அங்கே வயல் போடுகிறார்கள், பிறகு ஊர் கட்டுகிறார்கள், பிறகு ஆறு உள்ளே வராதபடி அதன் ஓரமாகவே மைல்கணக்கில் மண்மேடு எழுப்புகிறார்கள். அணை ஆற்றுக்குக் குறுக்கே நிற்பது. கரை ஆற்றோடு கூடவே ஓடுவது. இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: எதுவும் தண்ணீரைக் குறைப்பதில்லை. இங்கே வர வேண்டியதை வேறிடத்துக்கோ வேறு நாளுக்கோ தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். ஆகவே எந்த வெள்ளக் கதையைப் படித்தாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் எங்கே போனது, யார் தலையில் விழுந்தது?

ஜான்ஸ்டவுன்: மீன் தப்பாமல் இருக்க ஒரு வலை

பென்சில்வேனியாவின் மலை இடுக்கில் ஜான்ஸ்டவுன் என்ற எஃகு ஆலை நகரம். அதற்கு மேலே 14 மைல் தொலைவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை. மாநில அரசு கால்வாய்ப் படகுப் போக்குவரத்துக்காகக் கட்டியது. ரயில் வந்ததும் கால்வாய்க்கு வேலை இல்லாமல் போய், அணை கைமாறிக் கைமாறி 1879இல் ஒரு மீன்பிடி கிளப்பிடம் வந்தது. பிட்ஸ்பர்க் பணக்காரர்களின் கிளப். ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃப்ரிக் போன்றவர்கள் உறுப்பினர்கள். கோடைக்கு மலை மேல் ஏரி, படகு, தூண்டில்.

மண்ணால் கட்டிய எந்தத் தேக்கத்துக்கும் இரண்டு வாய் வேண்டும். வேண்டும்போது திறந்துவிட அடியில் மதகு. தாங்காத நீர் தானாக வழிந்துபோக ஓரத்தில் கலிங்கு. கலிங்கு அடைபட்டால் நீர் கரையின் தலைக்கு மேல் வழியும். மண் கரைக்கு மேல் நீர் வழியத் தொடங்கிவிட்டால் பின்பக்கச் சரிவை அரித்துக்கொண்டே வரும், பிறகு யாராலும் நிறுத்த முடியாது.

இனி சவுத் ஃபோர்க்கில் நடந்ததைப் பாருங்கள். மதகின் இரும்புக் குழாய்களை முந்தைய உரிமையாளர் பெயர்த்துப் பழைய இரும்புக்கு விற்றிருந்தார், கிளப் திரும்பப் பதிக்கவில்லை. இரண்டு குதிரை வண்டி எதிரெதிரே போக வேண்டும் என்பதற்காக அணையின் தலையைச் செதுக்கித் தாழ்த்தினார்கள். காசு கொடுத்து வாங்கிவிட்ட மீன்கள் ஓடிவிடக் கூடாது என்று கலிங்கின் குறுக்கே கம்பி வலை அடித்தார்கள். ஆக மதகு இல்லை, கரை தாழ்வு, கலிங்கில் வலை.

1889 மே 30 இரவு கனமழை. மறுநாள் காலையில் வலையில் கிளைகளும் குப்பையும் வந்து அடைத்துக்கொண்டன. ஆட்கள் அணை மேல் மண் அள்ளிப் போட்டார்கள், பக்கத்தில் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டப் பார்த்தார்கள். கீழே ஊருக்குத் தந்தி போயிற்று. ஆனால் அணை உடையப் போகிறது என்ற பேச்சு ஊருக்குப் பழகிப்போன பேச்சு. ஒவ்வொரு மழைக்கும் கேட்டு அலுத்தவர்கள் மாடிக்குச் சாமான் ஏற்றிவிட்டு இருந்துவிட்டார்கள். பிற்பகல் 3:10க்கு அணை போயிற்று. ஏறக்குறைய 2 கோடி டன் தண்ணீர் பள்ளத்தாக்கில் இறங்கியது. வழியில் ஜான் ஹெஸ் என்ற ரயில் ஓட்டுநர் இரைச்சலைக் கேட்டு, ஊதல் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, ஓயாமல் ஊதியபடியே எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சத்தத்தில் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தவர்கள் உண்டு.

57 நிமிடத்தில் வெள்ளம் ஜான்ஸ்டவுனை அடைந்தது. அப்போது அது பார்வைக்குத் தண்ணீராகவே இல்லை. மரங்கள், வீடுகள், ரயில் எஞ்சின்கள், ஒரு கம்பி ஆலையிலிருந்து வந்த சுருள் சுருளான முள்கம்பி எல்லாம் சேர்ந்து உருண்டு வந்தன. ஊரின் கடைசியில் இருந்த கல் பாலத்தில் அத்தனையும் முட்டி நின்றன. முள்கம்பியில் சிக்கியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அந்தக் குவியல் தீப்பற்றியது. இறந்தவர்கள் 2,209 பேர். அடையாளமே தெரியாத 777 பேருக்குக் கல்லறைத் தோட்டத்தில் எழுத்தில்லாத வெள்ளைக் கற்கள் நட்டிருக்கிறார்கள்.

கிளப் மேல் வழக்குகள் போட்டார்கள். ஒன்றும் ஜெயிக்கவில்லை. கடவுளின் செயல் என்று முடிந்தது. உறுப்பினர்கள் சிலர் நிவாரணத்துக்கு நன்கொடை கொடுத்தார்கள், கார்னகி ஊருக்கு நூலகம் கட்டிக் கொடுத்தார். ‘கடவுளின் செயல்’ என்ற இந்தத் தொடர் அமெரிக்க வெள்ளங்களில் திரும்பத் திரும்ப வரும். 1972இல் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் நிலக்கரிக் கழிவுச் சேற்றைத் தேக்கிய மேடு உடைந்து 125 பேர் இறந்தபோதும் கம்பெனித் தரப்பு இதையேதான் சொன்னது. கில்பர்ட் வைட் என்ற புவியியலாளர் 1940களிலேயே பதில் எழுதிவைத்திருந்தார்: வெள்ளம் வேண்டுமானால் கடவுளின் செயல், வெள்ளத்தால் வரும் நஷ்டம் பெரும்பாலும் மனிதனின் செயல்.

எல்லா வெள்ளத்திலும் அணை உடைவதில்லை, உண்மைதான். மலைப் பள்ளத்தாக்கில் சில மணி நேரத்தில் திடீரென்று வந்து போகும் வெள்ளம் ஒரு வகை. 1976 ஜூலை 31 அன்று கொலராடோவின் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் நாலைந்து மணி நேரத்தில் 12 அங்குலத்துக்கு மேல் கொட்டியது, 144 பேர் இறந்தார்கள். காரை ஓட்டியே தப்பிவிடலாம் என்று பள்ளத்தாக்கோடு கீழே போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள். காரை விட்டிறங்கி மலைச்சரிவில் சில அடி ஏறியிருந்தால் போதும். இன்றும் அந்த மாநிலத்தில் மலைப் பாதைகளில் ‘வெள்ளம் வந்தால் மேலே ஏறு’ என்று பலகை நிற்கிறது. 2025 ஜூலை 4 அதிகாலையில் டெக்சாஸின் குவாடலூப் ஆற்றில் வந்ததும் இந்த வகைதான்.

கடல் உள்ளே வருவது இன்னொரு வகை. டெக்சாஸ் கரையோரத் தீவு நகரமான கால்வெஸ்டனில் மிக உயரமான இடமே கடல்மட்டத்திலிருந்து 9 அடிக்கும் குறைவு. 1900 செப்டம்பர் 8 அன்று புயல் தள்ளிய கடல் 15 அடிக்கு மேல் ஏறியது. குறைந்தது 6,000 பேர், 8,000 என்பது வழக்கமாகச் சொல்லும் எண். அமெரிக்க வரலாற்றில் இயற்கைச் சீற்றம் ஒன்றில் இத்தனை பேர் இறந்தது வேறில்லை. அப்புறம் அந்த ஊர் செய்த வேலை விசித்திரமானது. கடலுக்கு எதிரே 17 அடி உயரச் சுவர் கட்டியதோடு விடாமல், ஊரையே உயர்த்தினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கி வைத்து ஒரே சீராகத் தூக்கி, கடலடி மணலைத் தண்ணீரோடு குழாயில் கொண்டுவந்து அடியில் நிரப்பினார்கள். வருஷக்கணக்கில் மக்கள் பலகைப் பாலங்களின் மேல் நடந்து கடைக்குப் போனார்கள். தண்ணீரை யார் தலையிலும் தள்ளாத தீர்வு என்பதால் எனக்கு இதன் மேல் ஒரு தனி மரியாதை.

1927: கரை மட்டும் போதும் என்ற கொள்கை

இப்போது மிசிசிப்பிக்கு வருவோம். அமெரிக்காவின் பெருநிலப்பரப்பில் 41 சதவீதத்தில் விழும் மழை கடைசியில் இந்த ஓர் ஆற்றுக்குத்தான் வருகிறது. 31 மாநிலங்களின் வடிகால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராணுவப் பொறியாளர் படை ஒரு கொள்கையில் பிடிவாதமாக நின்றது. ஆற்றை இரு கரைகளுக்குள் இறுக்கிவிட்டால் வேகம் கூடும், வேகம் கூடினால் அடிமண்ணை அரித்துத் தன் படுகையைத் தானே ஆழமாக்கிக்கொள்ளும், ஆகவே வடிகால் வேண்டாம், உபரித் தேக்கம் வேண்டாம், கரை மட்டும் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆற்றின் இயற்கையான கிளை வாய்களையும் ஒவ்வொன்றாக அடைத்தார்கள். ஆறு எதிர்பார்த்த அளவு ஆழமாகவில்லை. பரவ இடமில்லாத நீர் மேலே ஏறியது. கரையை உயர்த்தினார்கள், வெள்ளமும் உயர்ந்தது. இதில் ஒரு கோணல் கணக்கும் இருந்தது. எதிர்க்கரை உடைந்தால் என் கரைக்கு அழுத்தம் குறையும். அதனால் வெள்ளக் காலத்தில் எதிர்ப்பக்கத்து ஆள் இரவில் டைனமைட் வைத்துவிடுவானோ என்று இரு பக்கமும் துப்பாக்கியோடு காவல் நின்றார்கள்.

கரைக் காவலில் எதைப் பார்ப்பார்கள்? கரைக்கு மேல் நீர் வழிகிறதா என்று பார்ப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அனுபவசாலிகள் கரையின் பின்பக்கம், ஊர்ப் பக்கத்துப் புல்தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். ஆற்றின் அழுத்தம் தாங்காமல் நீர் கரைக்கு அடியில் நுழைந்து, இந்தப் பக்கம் சோறு கொதிப்பது போல் மணலைக் கிளப்பிக்கொண்டு குமிழியிடும். மணல் கொதிப்பு என்று சொல்லலாம். அதை மண்மூட்டை போட்டு அமுக்கி மூடினால் நீர் வேறொரு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். அதனால் மூடமாட்டார்கள். ஊற்றைச் சுற்றி மூட்டைகளை வட்டமாக, கிணற்றுச் சுவர் மாதிரி அடுக்குவார்கள். உள்ளே நீர் ஏற ஏற அதன் எடையே கீழிருந்து வரும் அழுத்தத்தை எதிர்த்து நிற்கும். வரும் நீர் தெளிவாக இருந்தால் கவலை குறைவு. கலங்கலாக வந்தால் கரையின் அடிவயிறு கரைந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தெளிவா கலங்கலா என்ற இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு இன்னொரு இடத்தில் 400க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 1928 மார்ச் 12 காலை, லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே செயின்ட் ஃபிரான்சிஸ் அணையில் கலங்கலாகக் கசிகிறது என்று காவலாளி சொல்லி அனுப்பினார். அணையைக் கட்டிய புகழ்பெற்ற பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் நேரில் வந்து பார்த்து, கசிவு தெளிவுதான், பக்கத்தில் வெட்டிய பாதையின் மண் கலந்திருக்கிறது, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நள்ளிரவுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அணை சரிந்தது.

சரி, 1927. முந்தைய ஆகஸ்ட்டிலிருந்தே மேல்பகுதிகளில் விடாத மழை. ஏப்ரல் 21 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வில் நகருக்கு வடக்கே மவுண்ட்ஸ் லேண்டிங்கில் கரை உடைந்தது. அங்கே மண்மூட்டை சுமந்துகொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள். பலரைத் துப்பாக்கி முனையில் நிறுத்தியிருந்தார்கள். கரையோடு போனவர்களுக்கு ஒழுங்கான கணக்குக்கூட எடுக்கப்படவில்லை. அந்தப் பருவத்தில் மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட உடைப்புகள். 27,000 சதுர மைல் நிலம் நீருக்கடியில் போனது, சில இடங்களில் 30 அடி ஆழம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள்.

கிரீன்வில்லில் காய்ந்த இடமாக மிஞ்சியது கரையின் முதுகு மட்டும்தான். சுமார் 13,000 பேர் அதன் மேல் நீளவாக்கில் கூடாரம் போட்டிருந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நீராவிப் படகுகள் வந்தன. வெள்ளையரை ஏற்றிச் சென்றன. கறுப்பின மக்களை அனுப்பினால் பருத்திக் காட்டு வேலைக்குத் திரும்பி வரமாட்டார்கள் என்று நிலக்கிழார்கள் பயந்ததால் அவர்களை அங்கேயே வைத்து, கழுத்தில் அடையாள வில்லை மாட்டி, நிவாரணச் சாமான் இறக்கும் வேலையைக் கொடுத்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு ஏராளமானோர் சிகாகோ போன்ற வடக்கு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். நிலக்கிழார்கள் பயந்தது நடந்தது, அவர்களாலேயே.

கீழே நியூ ஆர்லியன்ஸில் வேறொரு கணக்கு. நகரத்தின் வங்கிக்காரர்களும் வணிகர்களும் ஆளுநரைச் சம்மதிக்க வைத்து, ஏப்ரல் 29 அன்று நகருக்குக் கீழே கெர்னார்வன் என்ற இடத்தில் கரையை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். நீர் செயின்ட் பெர்னார்ட், பிளாக்கமின்ஸ் பகுதிகளின் மேல் பாய்ந்தது. அங்கே இருந்தவர்கள் மீன்பிடிப்பவர்கள், தோலுக்காக நீரெலி பிடிப்பவர்கள். இழப்பீடு தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். கிடைத்தது சொற்பம், பலருக்கு ஒன்றுமில்லை. மேலே வேறு கரைகள் உடைந்து ஆறு ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்ததால் அந்த வெடி தேவையே இருந்திருக்காது என்பது பின்னால் தெரிந்தது.

நிவாரணப் பணியை முன்நின்று நடத்திய ஹெர்பர்ட் ஹூவர் மறு ஆண்டு தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதியானார். 1928இல் வந்த வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் கரை மட்டும் போதும் என்ற கொள்கையைக் கைவிட்டது. கரைகளோடு, ஆற்றுக்கு வெளியேறும் வாய்களும் வேண்டும் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

100 ஆண்டு வெள்ளம் என்றால் என்ன?

இந்தச் சொல்லைச் செய்தியில் கேட்டதும், ஒன்று வந்துவிட்டால் இனி நூறு வருஷம் நிம்மதி என்று தோன்றும். அப்படி இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் பொருள். நூறு சீட்டில் ஒன்று கறுப்பு. வருஷம் ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு, அதே சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். போன வருஷம் கறுப்பு வந்ததா என்பது சீட்டுக்குத் தெரியாது. 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது கறுப்பு வர 26 சதவீத வாய்ப்பு, அதாவது நாலில் ஒன்று. ஹூஸ்டனில் 2015, 2016, 2017 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் ‘500 ஆண்டு வெள்ளம்’ வந்ததாகச் சொன்னார்கள். அப்படியானால் பழைய மழைக் கணக்கே இப்போது பொருந்துகிறதா என்று சந்தேகப்படுவது நியாயம்தான்.

சிக்கல் என்னவென்றால், 100 ஆண்டு வெள்ளத்தைத் தாங்கும் கரை கட்டிவிட்டால் அதன் பின்னால் இருக்கும் நிலம் அதிகாரபூர்வ ஆபத்து வரைபடத்திலிருந்து விலகிவிடும். வெள்ளக் காப்பீடு கட்டாயமில்லை, மனை விலை ஏறும், வீடு நெருங்கும். சின்ன வெள்ளங்கள் வராது. பெரிய வெள்ளம் வரும்போது மூழ்குவதற்கு முன்னைவிட அதிகமாக இருக்கும்.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸின் 80 சதவீதம் மூழ்கியது இப்படித்தான். சதுப்பு நிலத்தை வடித்து வடித்துக் கட்டிய நகரம் அது. நீரை இறைக்க இறைக்க அந்தக் கரிமண் காய்ந்து சுருங்கி, நகரத்தின் பாதி கடல்மட்டத்துக்குக் கீழே கிண்ணம் போல் இறங்கியிருந்தது. நடுவே ஓடும் வடிகால் கால்வாய்களுக்குச் சுவர். 17ஆவது தெருக் கால்வாயில் நீர் சுவரின் தலையை எட்டவே இல்லை. அடியில் இருந்த மென்மையான மண் நழுவ, சுவர் அப்படியே பின்னால் சாய்ந்தது. வடிவமைப்பில் கோளாறு இருந்ததை மறு ஆண்டு பொறியாளர் படையே ஒப்புக்கொண்டது. 1927இல் வெடி வைத்து மூழ்கடிக்கப்பட்ட செயின்ட் பெர்னார்ட் இந்த முறையும் ஏறத்தாழ முழுதாக மூழ்கியது. கரையை யாரோ வேண்டுமென்றே தகர்த்துவிட்டார்கள் என்று கத்ரீனாவின்போது ஏழை மக்களிடையே வதந்தி பரவியதை வெளியூர்க்காரர்கள் சிரித்துத் தள்ளினார்கள். 1927ஐத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு அது சிரிப்பாகத் தோன்றியிருக்காது.

ஊரையே எடுத்துக்கொண்டு விலகியவர்களும் உண்டு. 1993இல் மிசிசிப்பியும் மிசௌரியும் சேர்ந்து மாதக்கணக்கில் பெருகியபோது இல்லினாயின் வால்மையர் என்ற சிறிய ஊர் கரையைத் தாண்டி வந்த நீரில் மூழ்கியது. ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, பக்கத்துக் குன்றின் மேல் மக்காச்சோள வயல்களை வாங்கி, புது வால்மையரைக் கட்டிக் குடிபோனார்கள். எல்லோரும் போகவில்லை, சிலர் கீழேயே இருந்துவிட்டார்கள்.

1928 சட்டத்தின்படி கட்டிய வாய்களில் ஒன்றை இன்றும் பார்க்கலாம். நியூ ஆர்லியன்ஸுக்கு மேலே பானே கேரி என்ற இடத்தில் ஆற்றோரமாக ஒன்றரை மைல் நீளத்துக்குத் தாழ்வான கான்கிரீட் வாயில். அதில் 350 திறப்புகள், ஒவ்வொன்றிலும் செங்குத்தாக நிற்கும் 20 மரக் கட்டைகள். மொத்தம் 7,000. ஆறு ஏறும்போது வாயிலின் மேல் தண்டவாளத்தில் நகரும் கிரேன் ஒன்று கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி மேலே படுக்கவைக்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடு வந்து புல்லில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். ஆறு உயர்ந்து நிற்கும்போது கட்டைகள் மூடியிருந்தாலும் இடுக்குகளில் நீர் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும், யாரும் அடைப்பதில்லை.

அங்கிருந்து நீர் பாஞ்சட்ரெய்ன் ஏரி வழியாகக் கடலுக்குப் போகிறது. 2019இல் முதன்முறையாக ஒரே ஆண்டில் இரண்டு தடவை திறந்தார்கள், நூறு நாட்களுக்கு மேல் நன்னீர் பாய்ந்தது. நியூ ஆர்லியன்ஸ் நனையவில்லை. உப்புநீரில் வளரும் சிப்பிகள் பக்கத்து மாநிலமான மிசிசிப்பியின் கடலோரப் படுகைகளில் ஏறக்குறைய முழுவதும் செத்துப்போயின. சிப்பி அள்ளப் போன படகுகள் வெறும் ஓட்டோடு திரும்பின.